மண்ணும் மனமும்: விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு பாடம்

இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கும்போது ‘எனக்கு மனம் சரியில்லை’ என்று எவரும் நம்மிடம் சொல்வதில்லை. நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது, தலை இடிக்கிறது, பிள்ளைகள் மேல் சும்மா சும்மா கோபம் வருகிறது என்றுதான் சொல்வார்கள். வேளாண்மை செய்து பழகியவர்களிடம் இன்னொன்றையும் கவனித்து வருகிறோம். பெரும்போகத்துக்கு முதல் மழை விழுந்ததும் அவர்களுடைய துன்பம் கூடிவிடுகிறது. வட்டையில் உழவு இயந்திரங்களின் சத்தம் கேட்கத் தொடங்கும் அந்த நாட்களில், விதைக்க வயல் இல்லாத மனிதர் வாசலில் இருந்துகொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சோறு இறங்காது. ‘என்ன நடந்தது?’ என்று வீட்டார் கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்பார். உடம்பு பருவத்தை மறக்கவில்லை. நிலம்தான் கையில் இல்லை.

நிலத்தை இழந்தவர் வருமானத்தை மட்டும் இழப்பதில்லை. விடியற்காலையில் எழும்புவதற்கான காரணத்தை இழக்கிறார். வரம்பில் நின்று பேசும் துணையை இழக்கிறார். மழையையும் மண்ணையும் பார்த்துச் சொல்லும் தனது சொல்லுக்கு ஊரில் இருந்த மதிப்பையும் இழக்கிறார். இந்த இழப்புகளுக்கு எந்த நிவாரண அட்டையிலும் இடம் இல்லை. எனவே இந்தப் பாடத்தில் மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்வோம். இயற்கையோடு ஏற்படும் ஓர் அனுபவம் மனிதனின் வாழ்வைத் திருப்பக்கூடுமா? உளச்சிகிச்சை செய்வோர் அதனை எவ்வாறு பயன்படுத்துகின்றனர்? நமது சிறு வளவில் நாம் செய்யக்கூடியது என்ன?

உளச்சிகிச்சை என்னும் சொல்லைக் கேட்டு யாரும் கூச்சப்படத் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒருவர், துன்பப்படும் ஒருவரோடு நம்பிக்கையான உறவை ஏற்படுத்தி, பேச்சின் மூலமும் செயல்களின் மூலமும் அவர் தனது காயத்தை விளங்கிக்கொண்டு மீண்டும் வாழத் துணை செய்வதே உளச்சிகிச்சை.

1. ஒரே பூ, இரண்டு நாட்கள்

விக்டர் பிராங்கல் என்பவர் வியன்னா நகரைச் சேர்ந்த மனநோய் வைத்தியர். யூதர் என்ற காரணத்துக்காக 1942ஆம் ஆண்டு அவரும் அவருடைய குடும்பத்தினரும் நாசிகளால் பிடிக்கப்பட்டனர். அவர் நான்கு முகாம்களில் அடைபட்டிருந்தார். தாய், தந்தை, மனைவி, சகோதரன் ஆகிய நால்வரையும் இழந்தார். 1945இல் விடுதலை கிடைத்தது. மறு வருடம் வெளிவந்த தமது நூலில் அந்த அனுபவங்களை எழுதினார்.

அந்த நூலில் நமக்குப் பயன்படும் இரண்டு நிகழ்ச்சிகள் உள்ளன. விடுதலையான உடனே அவரும் மற்றக் கைதிகளும் முகாமுக்கு வெளியே நடந்து போகிறார்கள். வழியில் பூக்கள் நிறைந்த புல்வெளி. அவர்கள் அதனைக் காண்கிறார்கள். ஆனால் மனதில் ஒரு மகிழ்ச்சியும் எழவில்லை. பல நிற வாலுடன் நின்ற ஒரு சேவலைக் கண்டபோது மட்டும் சிறு பொறி போல ஒரு சந்தோசம் வந்து உடனே மறைந்தது. மகிழ்ச்சி அடைவது எப்படி என்பதையே மனம் மறந்துவிட்டிருந்தது.

சில நாட்கள் கழிகின்றன. பிராங்கல் தனியாக வயல்வெளிகளின் ஊடாக வெகுதூரம் நடக்கிறார். அதே பூக்கள், மேலே வானம்பாடிகளின் பாட்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆள் நடமாட்டம் இல்லை. அவர் நின்றார், சுற்றிலும் பார்த்தார், முழந்தாளிட்டார், இறைவனை நினைத்தார். தமது புதிய வாழ்வு அந்த நாளிலிருந்து படிப்படியாகத் தொடங்கியதாக எழுதுகிறார். பின்னர் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கானோருக்கு உளச்சிகிச்சை அளித்தவர் அவர்.

இந்த இரு நிகழ்ச்சிகளையும் ஒன்றாக வைத்து யோசிப்போம். பூவில் மாற்றம் இல்லை. முதல் நாள் மனம் மரத்துப் போயிருந்தது. சில நாள் ஓய்வும் உணவும் பாதுகாப்பும் கிடைத்தபின் அதே மனம் திறந்தது. ஆகவே துன்பத்தில் இருக்கும் ஒருவரைக் கடற்கரைக்கோ குளக்கரைக்கோ கூட்டிப்போய், ‘எவ்வளவு அழகு பாருங்கள், மனம் ஆறும்’ என்று சொன்னால் மட்டும் போதாது. அவருக்கு ஒன்றும் தோன்றாமல் இருக்கலாம். அது அவருடைய குற்றம் அன்று. காய்ந்து இறுகிய தரையில் எடுத்த எடுப்பில் விதை போட மாட்டோம். முதலில் ஈரம் வேண்டும்.

2. உடம்பில் நடப்பது என்ன?

ஆபத்து வரும்போது உடம்பு தன்னைத் தயார்ப்படுத்துகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, காது சிறு சத்தத்துக்கும் விழிக்கிறது. ஓடவும் போராடவும் இறைவன் தந்த ஏற்பாடு இது. ஆனால் ஆபத்து நீங்கிய பின்னரும் இந்த ஏற்பாடு சிலரில் அடங்குவதில்லை. கதவு அடித்தாலும் பதறுகிறார்கள். ஓயாத இந்த விழிப்புத்தான் நித்திரையையும் பசியையும் பொறுமையையும் தின்றுவிடுகிறது. மனவடு என்று நமது வைத்தியர்கள் எழுதுவது இத்தகைய நிலையையே.

மரமும் பசுமையும் நீரும் உள்ள இடங்கள் இந்த விழிப்பைத் தணிக்க உதவுகின்றன என்பதற்கு ஆய்வுகள் உள்ளன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில வைத்தியசாலை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவுகளை ரொஜர் உல்ரிச் என்பவர் ஆராய்ந்தார். 23 பேருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள். அவர்களுக்கு ஒப்பான வேறு 23 பேருடைய ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 1984இல் வெளிவந்த இந்த ஆய்வு உலகெங்கும் வைத்தியசாலை கட்டுவோரைச் சிந்திக்க வைத்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் தம்பதியர் 1989இல் வெளியிட்ட நூலில் வேறொரு விளக்கம் தந்தனர். பத்திரம், படிவம், கடன், வழக்கு என்று ஒன்றன் மேல் ஒன்றாகக் கவனம் செலுத்தும் மனம் களைத்துப் போகிறது. இலை அசைவதையோ நீர் ஓடுவதையோ பார்க்கும்போது கவனம் சிரமமின்றித் தானே செல்கிறது. களைத்த பகுதி ஓய்வு பெறுகிறது. போகத்துக்குப் போகம் விதைத்த வயலைச் சில காலம் தரிசாக விடுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

2015ஆம் ஆண்டு ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் 38 பேரைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். ஒரு பகுதியினர் புல்லும் மரமும் உள்ள வெளியில் 90 நிமிடம் நடந்தனர்; மற்றவர்கள் வாகனங்கள் நெருக்கும் வீதியோரம் அதே நேரம் நடந்தனர். வெளியில் நடந்தவர்களிடம், நடந்த கசப்பையே திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருக்கும் பழக்கம் சற்றுக் குறைந்தது. அதனோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் செயற்பாடும் குறைந்திருந்தது. வீதியோரம் நடந்தவர்களிடம் இந்த மாற்றம் காணப்படவில்லை.

இவை சிறிய ஆய்வுகள். இவர்கள் நம்மைப் போல் வீடு வாசலை விட்டு ஓடியவர்களும் அல்லர். ஆகவே இவற்றை அளவோடு எடுத்துக்கொள்வோம். பசுமை ஒரு மருந்துக் குளிசை அன்று. ஆனால் துடிக்கும் உடம்பை அது சற்றே ஆறப் பண்ணுகிறது. ஆறிய உடம்போடுதான் மனிதன் பேசத் தொடங்குவான்.

3. தோட்டத்தில் நடந்த உளச்சிகிச்சை

இங்கிலாந்தில் சித்திரவதைக்கு உள்ளானவர்களைப் பராமரிப்பதற்காக 1985இல் ஹெலன் பாம்பர் அம்மையார் ஒரு மருத்துவ நிறுவனத்தை ஆரம்பித்தார். பல நாடுகளிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் அங்கு சென்றனர். நாற்காலியில் இருத்தி, ‘நடந்ததைச் சொல்லுங்கள்’ என்றால் பலருக்கு வாய் வரவில்லை. மூடிய அறையும் கேள்வி கேட்கும் மனிதரும் சிலருக்கு விசாரணை அறையையே நினைவூட்டும். ஜெனி கிரட் என்னும் உளச்சிகிச்சையாளர் 1990களில் அங்கு வேறு வழியைக் கைக்கொண்டார். இலண்டன் நகரில் ஆளுக்கொரு சிறு துண்டு நிலம். அவர்கள் கொத்தினர், பாத்தி கட்டினர், தம் நாட்டு மரக்கறி விதைகளைப் போட்டனர். உளச்சிகிச்சையாளரும் பக்கத்தில் நின்று களை பிடுங்கினார். கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டியதில்லை. கை வேலையில் இருக்கும்போது வாய் மெதுவாகத் திறந்தது. முளைக்காத விதையும் கருகிய செடியும் இழந்தவர்களைப் பற்றிப் பேசும் வாய்ப்பாயின.

நமக்கு மிக அருகில், மட்டக்களப்பிலேயே இன்னோர் உதாரணம் உண்டு. 1990ஆம் ஆண்டு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தமிழரும் முஸ்லிம்களும் கொலைகளையும் இடப்பெயர்வையும் சந்தித்தனர். பக்கத்துப் பக்கத்து ஊரார் ஒருவரையொருவர் கண்டு அஞ்சும் நிலை வந்தது. பிள்ளைகள் அந்த அச்சத்திலேயே வளர்ந்தனர். 1996இல் இயேசு சபைக் குருவும் உளவளத்துணையாளருமான அருட்தந்தை போல் சற்குணநாயகம் அவர்களும், கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகன் அவர்களும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை ஆரம்பித்தனர். ஹோகன் அதற்கு முன் டொரொண்டோ நகரில் அங்கவீனமுற்ற பிள்ளைகளுக்காக இத்தகைய ஒரு தோட்டத்தை உருவாக்கியிருந்தார்.

தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் ஒரே பூங்காவுக்கு வந்தனர். அங்கு மரங்களும் செடிகளும் பிராணிகளும் இருந்தன. பிள்ளைகள் களிமண் பிசைந்தனர், வர்ணம் தீட்டினர், கதை கட்டினர், நாடகம் ஆடினர். அவர்களோடு இருந்த இளைஞர், யுவதிகள் இந்த மண்ணின் பிள்ளைகளே. தாங்களும் போரைக் கண்டவர்கள். ‘உனக்கு என்ன நடந்தது?’ என்று பிள்ளையை யாரும் நெருக்கவில்லை. சொல்ல முடியாததைப் பிள்ளை களிமண்ணில் செய்தது. கேட்பதற்கு ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தார்.

இலண்டனிலும் மட்டக்களப்பிலும் நடந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பாடத்தின் மையம் விளங்கும். மண் பேச வைக்கும். ஆனால் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். தோட்டம் மட்டும் இருந்து, கேட்பவர் இல்லையானால், துக்கம் மண்வெட்டியோடு தனியாக நிற்கும். கேட்பவர் மட்டும் இருந்து, மண்ணும் வேலையும் நிழலும் இல்லையானால், பலருக்கு வாய் திறக்காது.

4. இயற்கையே காயப்படுத்தியபோது

நம்மவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். ‘இயற்கை ஆறுதல் தரும் என்கிறீர்களே, எங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனது கடல் அல்லவா?’

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை வந்த ஆழிப்பேரலையில் இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிகக் கூடிய உயிரிழப்பு அம்பாறையிலேயே ஏற்பட்டது, பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று வரிசையாக ஊர்கள் சிதைந்தன. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டடம் கட்டக் கூடாது என்று 2005இல் அறிவிக்கப்பட்டதனால், உயிர் தப்பியவர்களில் பலர் தமது வளவுக்குத் திரும்ப முடியாமலும் தவித்தனர். கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாழப் பழகினர்.

வாழ்வைத் திருப்பும் அனுபவம் நல்ல பக்கமாக மட்டும் திருப்புவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆகவே எல்லோருக்கும் ஒரே இடம் மருந்தாகாது. கடல் ஒருவருக்கு ஆறுதல். அடுத்த வீட்டவருக்கு நடுக்கம். வயல் ஒருவருக்கு நிம்மதி. அந்த வயலில் தனது வாப்பாவை இழந்தவருக்கு அது மையவாடி போன்றது. யாரையும் வற்புறுத்தி அழைத்துச் செல்லக் கூடாது.

எனினும் அஞ்சும் இடத்தை ஆயுள் முழுவதும் விலக்கி நடந்தால், அச்சம் அடங்குவதற்குப் பதிலாக வளர்கிறது. உளச்சிகிச்சையாளர் இதற்குப் படிமுறையைக் கையாள்கின்றனர். நம்பிக்கையான ஒருவரோடு முதலில் கடற்கரை வீதியின் முனை வரை. நெஞ்சடிப்பு அடங்கும் வரை அங்கேயே நிற்பது. வேறொரு நாள் தென்னைகள் வரை. பிறகு மணல் வரை. எங்கு நிற்பது, எப்போது திரும்புவது என்பதை அஞ்சுபவரே முடிவு செய்வார். பெரிய அச்சமானால் பயிற்சி பெற்றவர் துணையுடன்தான் இதைச் செய்ய வேண்டும்.

5. நமது வளவில் செய்யக்கூடியவை

(அ) கொஞ்ச மண். தற்காலிக வீடானாலும் வாடகை வளவானாலும் நாலடிப் பாத்தி ஒன்று, அதுவும் இல்லையானால் பழைய வாளியும் உரப்பையும் போதும். கரையோர மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. அடியில் தேங்காய் மட்டையைப் புதைத்து, மேலே கூட்டெருவும் மண்ணும் கலந்து போட்டால் ஈரம் நிற்கும். முதலில் கீரை போடுங்கள். ஒரு மாதத்துக்குள் கறிச்சட்டிக்கு வரும். நம்பிக்கை தளர்ந்தவருக்கு விரைவில் கைக்கு வரும் பலன் முக்கியம். பிறகு வெண்டி, கத்தரி, மிளகாய். ‘நாளைக்கு எழும்பினால் போகும் இடம்தானே’ என்று மரம் நட மறுப்பவர்கள் உண்டு. அவர்களை வற்புறுத்தாமல், எடுத்துச் செல்லக்கூடிய வாளியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை வைத்துக் கொடுப்போம்.

(ஆ) அனுபவசாலியிடம் கேளுங்கள். வயலை இழந்த வாப்பாவிடம், ‘இந்த மண்ணுக்கு எது சரிவரும்?’ என்று மகன் கேட்கட்டும். நெல் இனங்களையும் மழைக்குறிகளையும் பேரப்பிள்ளைகள் அவரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதட்டும். அவருடைய சொல்லுக்கு மீண்டும் மதிப்பு உண்டாவதே அவருக்குச் சிகிச்சையின் பாதி.

(இ) சேர்ந்து செய்யுங்கள். பள்ளிவாசல், கோயில், பாடசாலை, கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றின் காணியில் நாலைந்து குடும்பங்கள் ஒன்றாகப் பயிரிடலாம். கணவனை இழந்து நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கும் சகோதரி வெளியே வருவதில்லை. அவருடைய வளவுக்குள்ளேயே ஒரு பாத்தி அமைத்துக் கொடுத்து, பக்கத்து வீட்டு ராத்தா தினமும் போய்க் கூட இருந்து தண்ணீர் ஊற்றட்டும்.

(ஈ) கேட்கப் பழகுங்கள். வேலைக்கு நடுவே ஒருவர் தனது துன்பத்தைச் சொல்லத் தொடங்கினால் கை வேலையை விடாமல் காதைக் கொடுங்கள். ‘மறந்துவிடுங்கள்’ என்று சொல்ல வேண்டாம். மறக்க முடிந்தால் அவரே மறந்திருப்பார். ‘எங்களுக்கு இதைவிடப் பெரிய கஷ்டம்’ என்று அளவுகோல் போட வேண்டாம். ‘எல்லாம் இறைவன் நாட்டம்’ என்பது உண்மையான ஆறுதலாக இருக்கலாம். ஆனால் அது அவர் பேசி முடித்த பின் வரட்டும். பேச்சை அடைக்கும் வேலியாக அதை வைக்கக் கூடாது. கேட்டது அந்தப் பாத்தியை விட்டு வெளியே போகவும் கூடாது.

(உ) விதைப்புக் காலத்தை நினைவில் வைத்திருங்கள். முதல் மழையும் அறுவடை நாட்களும் டிசம்பர் மாதமும் துன்பம் கூடும் காலங்கள். அந்நாட்களில் அப்படிப்பட்டவரைத் தனியே விடாமல் முன்கூட்டியே போய்ப் பாருங்கள்.

6. மண் மட்டும் போதாத வேளைகள்

இரண்டு மூன்று கிழமைகளாக நித்திரையே இல்லாதவர், உணவை ஒதுக்குபவர், இல்லாத குரல் கேட்பவர், குடியில் விழுந்தவர், ‘நான் இருந்து என்ன பயன்?’ என்று பேசுபவர் ஆகியோருக்குத் தோட்டமும் நமது காதும் போதா. அவர்களை வைத்தியரிடம் கூட்டிச் செல்ல வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை, மனநல சேவையை மாவட்டங்களுக்கும் ஊர்களுக்கும் கொண்டுவருவதை நோக்கமாகக் கொண்டது. கல்முனை ஆதார வைத்தியசாலைகளில் விசாரித்து ஆரம்பிக்கலாம். 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

விவசாயக் குடும்பங்களுக்கு இன்னொரு வேண்டுகோள். 1995ஆம் ஆண்டளவில் உலகிலேயே தற்கொலை மிகக் கூடிய நாடுகளுள் இலங்கையும் ஒன்றாக இருந்தது. மிகக் கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டபின் அந்தத் தொகை வெகுவாகக் குறைந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதபோது பலர் அந்தக் கொடிய நிமிடத்தைத் தாண்டி உயிர் வாழ்கின்றனர் என்பதே இதன் பொருள். எனவே மருந்துப் போத்தல்களை வீட்டுக்குள் வைக்காதீர்கள். பூட்டிய பெட்டியில், திறப்பை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பாத்தி கட்டிக் கொடுத்துவிட்டோம் என்பதனால் பறிபோன வயலைப் பற்றிய பேச்சு முடிந்துவிடாது. காணிக்கான உறுதியையும் அனுமதிப் பத்திரத்தையும் தேடும் வேலை, அதிகாரிகளிடம் முறையிடும் வேலை தொடர வேண்டும். நீதி கிடைக்காத இடத்தில் மனம் முழுமையாக ஆறுவதில்லை. ஆனால் நீதிக்காகப் பல வருடம் நடக்க வேண்டியவருக்கு, நடக்கும் பலம் வேண்டுமல்லவா? அந்தப் பலத்துக்காகத்தான் இந்த நாலடி மண்ணும், பக்கத்தில் இருந்து கேட்கும் ஒரு மனிதரும்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு:

1. உங்கள் வீட்டில் எந்த மாதத்தில் யாருடைய துன்பம் கூடுகிறது? ஏன்?

2. உங்களுக்கு நிம்மதி தரும் இடம் எது? நீங்கள் விலகி நடக்கும் இடம் எது?

3. உங்கள் ஊரில் பேசாமல் இருக்கும் ஒரு முதியவரின் விவசாய அறிவைக் கேட்டு எழுதுவதற்கு யார் முன்வருவார்?

4. பக்கத்து ஊரின் மற்றச் சமூகத்தவரோடு சேர்ந்து பயிரிடக்கூடிய காணி ஏதேனும் உண்டா? முதல் அடியை யார் வைப்பது?

5. இந்தக் கிழமை நீங்கள் யாருக்குப் பக்கத்தில் இருந்து களை பிடுங்கப் போகிறீர்கள்?